கடலோர மூலையில் ஓர் அடக்கம்

சலேத்தம்மாளின் கணவர் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் டிரைவர். பிள்ளைகள் இல்லை. அவள் மாதா கோயிலில் மரியாயின் சேனை என்ற பக்தசபையில் இருந்தாள். வாரம் ஒருமுறை கூடி ஜெபமாலை சொல்வார்கள். பிறகு இருவர் இருவராக நோயாளிகளையும் இல்லாதவர்களையும் பார்க்கப் போவார்கள்.

1974இல், சிலோன் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட சில குடும்பங்கள் மில்லர்புரத்துக்கு அப்பால் உப்பளத்தை ஒட்டிக் குடிசை போட்டன. அவர்களைப் பார்த்துவரும் பொறுப்பு சலேத்தம்மாளுக்கும் சேனையில் அவளுக்குத் துணையான இக்னேசியம்மாளுக்கும் வந்தது.

அங்கே காசிலிங்கம் என்பவர் இளைப்பு நோயில் படுத்திருந்தார். மலைக்குளிரில் பிறந்து வளர்ந்த மனிதருக்கு இந்த வெக்கை ஒத்துக்கொள்ளவில்லை. மனைவி பேச்சித்தாய் உப்பள வேலைக்குப் போய்விடுவாள். சலேத்தம்மாள் கஞ்சி கொண்டுபோவாள், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவாள். பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாக ஜெபமாலை உருட்டுவாள்.

"என்னம்மா முணுமுணுக்கிறீங்க?" என்று ஒருநாள் அவர் கேட்டார்.

"ஒங்களுக்காவ மாதாட்ட கேக்கேன், அண்ணாச்சி."

"கேளுங்க. நானும் எங்க மாரியம்மாகிட்ட கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்."

கார்த்திகை மழையில் அவர் இறந்துபோனார். புதைக்க இடம் கிடைக்கவில்லை. சுற்றுவட்டாரத்தில் சாதிக்கொரு மயானம் இருந்தது. 'இவரு யாரு எவருன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?' என்று எல்லோரும் கைவிரித்தார்கள்.

"உசுரு இருக்கும்போதே தலையில கொஞ்சம் தண்ணிய ஊத்தி ஞானஸ்நானம் குடுத்திருக்கலாம்லா? நம்ம கல்லறையில எடம் கெடச்சிருக்கும்" என்றாள் இக்னேசியம்மாள்.

"அவரு கேக்கலையே, இக்னேசி."

சலேத்தம்மாள் நனைந்தபடியே பங்குச் சாமியாரிடம் போனாள்.

"கல்லறை ஞானஸ்நானம் வாங்கினவங்களுக்குத்தானம்மா" என்றார் அவர்.

கரையில் ஒதுங்கும் அடையாளம் தெரியாத பிணங்களைக் கல்லறைத் தோட்டத்தின் கடலோர மூலையில் புதைப்பது வழக்கம். அவளுக்கு அது நினைவில் இருந்தது.

"அந்த மூலையில கெடக்கவுகள்ட்ட என்ன வேதம்னு கேட்டா பொதைச்சோம், சாமி? இவரும் கடல் தாண்டி வந்து ஒதுங்குனவருதான."

சாமியார் ஆணியில் தொங்கிய கல்லறைத் தோட்டத்துச் சாவியை எடுத்தார். "மணி அடிக்க முடியாது. பூசையும் கிடையாது" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தார்.

பேச்சித்தாயின் உறவினர் கொள்ளிக்குடம் உடைத்தார். சலேத்தம்மாள் மதிலோரம் தள்ளி நின்று ஜெபித்தாள்.

அந்த வாரக் கூட்டத்தில், செய்த வேலையைச் சொல்லும் முறை அவளுக்கு வந்தபோது, "ஒரு அடக்கத்துக்குப் போயி நின்னேன்" என்று மட்டும் சொன்னாள். ஞானஸ்நானம் இல்லாதவரைக் கல்லறையில் புதைத்தது பிடிக்காமல் இக்னேசியம்மாள் வேறு துணையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு சலேத்தம்மாள் குடிசைகளுக்குத் தனியாகத்தான் போய்வந்தாள். அது அவளுக்கு வருத்தம்தான். ஆனாலும் போவதை நிறுத்தவில்லை.

மறுவருடம் கோத்தகிரியில் கொழுந்து பறிக்க ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பேச்சித்தாய் புறப்பட்டுப் போனாள். திரும்பி வரவில்லை. இறந்தவர்களை நினைக்கும் கல்லறைத் திருநாளன்று காசிலிங்கத்தின் மண்மேட்டில் புல்லைப் பிடுங்கி மெழுகுதிரி வைப்பது சலேத்தம்மாளின் வேலையாயிற்று.

குடிசைகளில் பின்னும் சாவுகள் நேர்ந்தன. சலேத்தம்மாள் சொல்லியனுப்பினால் போதும், சாமியார் தோட்டத்துச் சாவியைக் கொடுத்துவிடுவார்.