மனைவியின் லேப்டாப்பில் லினக்ஸ் போட்ட கதை

சூலூரில் எனக்கு மோட்டார் காயில் கட்டும் பட்டறை. மெஷின் என்றால் பயம் கிடையாது. அந்தத் தைரியத்தில்தான் மனைவியின் லேப்டாப்பில் கை வைத்தேன்.

ஏழு வருஷத்து லேப்டாப். ஆன் செய்துவிட்டுப் போய் டீ போட்டுக் குடித்துவிட்டு வந்தாலும் சுற்றிக்கொண்டே இருக்கும். அதில்தான் அவள் சனிக்கிழமை நாலு மணிக்கு ஆன்லைனில் தமிழ் சொல்லிக்கொடுப்பாள். மாணவிகள் ஐந்து பேர், எல்லோரும் பெரியவர்கள். புனேயிலும் மும்பையிலும் பிறந்து வளர்ந்தவர்கள். தமிழ் பேச வரும், படிக்க வராது.

"விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போட்டா பழைய லேப்டாப்பும் பறக்குமாம்" என்றேன். வீடியோவில் பார்த்திருந்தேன்.

"பறக்க வேண்டாமுங்க. நடந்தாப் போதும். நாலு மணிக்கு எனக்குக் கிளாஸ் இருக்குது, பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு, அந்தச் சனிக்கிழமை பெரியநாயக்கன்பாளையத்தில் சொந்தக்காரர் வீட்டுச் சீர் விசேஷத்துக்குப் போய்விட்டாள்.

அவளுடைய பாடங்களையெல்லாம் முதலில் ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்தேன். இன்ஸ்டால் செய்வதற்கு முன்னால் சும்மா ஓட்டிப் பார்த்து, எல்லாம் வேலை செய்கிறதா என்று சோதிக்கும்படி அந்த வீடியோவில் சொல்லியிருந்தார்கள். அதை நான் செய்யவில்லை. அரை மணி நேரத்தில் லினக்ஸ் ஏறிவிட்டது. நிமிஷத்தில் ஆன் ஆனது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பிறகுதான் பார்த்தேன், வைஃபையைக் காணோம். சிக்னல் வராதது வேறு. இதில் வைஃபை என்ற பேச்சே இல்லை. போனில் தேடித் தேடிப் படித்ததில் சங்கதி புரிந்தது. இந்த லேப்டாப்பில் இருக்கும் வைஃபை கார்டுக்குத் தனியாக டிரைவர் என்று ஒரு சின்ன சாஃப்ட்வேர் வேண்டும். அதை நெட்டிலிருந்துதான் இறக்க வேண்டும். நெட் வர வேண்டுமென்றால் டிரைவர் வேண்டும். மோட்டார் எரிந்தால் வாடையிலேயே தெரிந்துவிடும். இதில் எதை மோந்து பார்ப்பது?

மூன்று மணிக்கு அவள் தாம்பூலப் பையோடு வந்தாள். என் முகத்தைப் பார்த்ததுமே, "என்னத்தப் பண்ணிப்போட்டீங்க?" என்றாள். சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். பட்டுச்சேலையோடு பக்கத்தில் உட்கார்ந்து, "ஏனுங்க, போன்ல நெட் இருக்குதல்லோ? சார்ஜர் ஒயர்ல அதை இதுக்குக் குடுக்க முடியாதுங்களா?" என்றாள்.

காலையிலிருந்து அந்தப் போன் என் கையில்தான் இருந்தது.

ஒயரைச் சொருகினோம். நெட் வந்தது, டிரைவரும் இறங்கியது. நடுவில் ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொன்னது, வைத்தேன். ரீஸ்டார்ட் செய்ததும் நீலத் திரை ஒன்று வந்து இங்கிலீஷில் என்னவோ கேட்டது. பயந்துபோய் முதலில் இருந்ததை அழுத்திவிட்டேன். வைஃபை வரவில்லை.

"என்ன கேக்குதுன்னு படிக்காமயே அமுக்கினா எப்புடிங்க?" என்று லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மறுபடி டிரைவரை ஏற்றி ரீஸ்டார்ட் செய்தோம். இந்தத் தடவை நீலத் திரையை அவளே வரிவரியாகப் படித்தாள். புது டிரைவரை நம்பலாமா என்றுதான் கேட்டிருக்கிறது, பாவம். நம்பலாம் என்று சொல்லி, வைத்த பாஸ்வேர்டையே போட்டாள். தெருவில் இருக்கிற வைஃபை பேரெல்லாம் வரிசையாக வந்து நின்றன. நாலாக ஐந்து நிமிஷம். நான் எழுந்து நின்று கை தட்டினேன்.

வகுப்பு ஆரம்பித்தது. ஐந்து முகங்களும் தெரிந்தன. அவர்கள் பேசியது கேட்டது. இவள் பேசியது அங்கே கேட்கவில்லை. மைக் போயிருந்தது.

வகுப்பைப் போனிலேயே எடுத்துக்கொள்ளட்டும் என்று நான் போனை ஒயரிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தேன். அதற்குள் அவள் பழைய மாதக் காலண்டர் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் பெரிதாக எழுதிக் கேமராவுக்கு முன்னால் பிடித்தாள்: "சத்தம் கேட்கிறதா?"

ஐந்து பேரும் முழித்தார்கள். அவர்களில் புனேக்காரப் பெண் ஒருத்தி, பேங்கில் வேலை பார்ப்பவள், கூச்சத்தில் எப்போதும் மைக்கை அணைத்தே வைத்திருப்பாள். இரண்டு மாதத்தில் அவள் குரலை நாங்கள் கேட்டதில்லை. அன்றைக்கு அவள் மைக்கைப் போட்டாள்.

"ச... த்... தம். சத்தம். கே... கேட்... கிறதா."

பிறகு அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள். "கேக்கலை மிஸ். ஆனா நான் படிச்சுட்டேன்!"

நான் போனை நீட்டினேன். என் மனைவி திரும்பிப் பார்க்காமலே வேண்டாம் என்று கையை அசைத்தாள். கண் கலங்கியிருந்தது. அடுத்த தாளைக் கிழித்தாள். அந்த ஒரு மணி நேரமும் அவள் எழுத, அவர்கள் மாற்றி மாற்றிச் சத்தமாகப் படித்தார்கள். தப்பாகப் படித்தால் தலையை ஆட்டுவாள். சரியாகப் படித்தால் இரண்டு கையையும் தூக்குவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து தாள் கிழித்துக் கொடுத்தேன்.

மறுநாள் காலையில் கோளாறைக் கண்டுபிடித்தேன். ஒன்றும் பெரிதில்லை. செட்டிங்கில், சொருகாத ஹெட்செட்டின் மைக்கை அது எடுத்துக்கொண்டிருந்தது. உள்ளே இருக்கும் மைக்குக்கு மாற்றியதும் சரியாகிவிட்டது. சந்தோஷமாகப் போய்ச் சொன்னேன்.

"சரிங்க, நல்லதாப் போச்சு" என்றவள், கொஞ்சம் யோசித்துவிட்டு, "கிளாஸ்ல அரை மணி நேரம் மைக்கை அணைச்சு வெச்சுக்கறனுங்க" என்றாள்.