ரைட்டர் பெரியநாயகம் கோட்பாட்டில் தேறியது

சேலத்து மலைமேல் கொட்டச்சேட்டுக்குப் பக்கத்தில் ஒரு காப்பி எஸ்டேட்டில் பெரியநாயகம் ரைட்டர். ஆள் வருகையைக் குறிப்பதும் நோட்டீஸ் எழுதி ஒட்டுவதும் வேலை. எம்.ஏ. தமிழ் முடித்துவிட வேண்டும் என்பது ஆசை. 1979-இல் அஞ்சல் வழியில் சேர்ந்தபோது யாப்பையும் புலவர் வரலாற்றையும் உருப்போட்டால் போதுமாயிருந்தது. மஞ்சள் காமாலை வந்து படிப்பு நின்றது. 1990-இல் மறுபடி சேர்ந்தால், ‘இலக்கியக் கோட்பாடு’ என்று புதிதாக ஒரு கட்டாயத் தாள். முதல் தடவை இருபத்து மூன்று மார்க், இரண்டாம் தடவை பத்தொன்பது.

வாய்விட்டுச் சொன்னால்தான் மண்டையில் ஏறும் என்று, மூன்றாம் வருஷம் சாப்பாட்டு வேளையில் பழம் பறிக்கும் பெண்களுக்கே பாடம் நடத்தினார்.

“எழுதுனவன் என்ன நெனச்சான்னு தேடக்கூடாதுங்க. படிக்கறவங்க எடுத்துக்கற அர்த்தந்தான் அர்த்தம்.”

“நொம்பச் சௌகரியமுங்க,” என்றாள் கண்ணாயி, களியை உருட்டிக்கொண்டே.

அந்த வாரம் முதலாளி வருவதாகத் தகவல். பெண்கள் ஒரே செடியடியில் கூடி நின்று கதை பேசினால் தன் மானம் போகுமே என்று பெரியநாயகம் நோட்டீஸ் ஒட்டினார்: ‘முதலாளி வரும்போது எல்லோரும் ஒரே இடத்தில் நிற்கக் கூடாது.’ கண்ணாயிதான் எழுத்துக் கூட்டி மற்றவர்களுக்குப் படித்துச் சொன்னாள்.

மறுநாள் ஜீப் வந்தது. இருபத்திரண்டு பெண்களும் இடுப்பில் கூடையோடு மேலும் கீழும் நடந்துகொண்டேயிருந்தார்கள். ஒருத்தியும் நிற்கவில்லை, ஒரு பழமும் பறிக்கவில்லை.

“என்ன ரைட்டர், ஊர்வலமா?” என்றார் முதலாளி.

“நிக்கக் கூடாதுன்னு போட்டிருக்குதுங்களே!” என்றாள் கண்ணாயி, நடந்தபடியே.

“நான் நெனச்சது அது இல்லீங்க!” என்று அலறினார் பெரியநாயகம்.

“ஏனுங்க, அதைத் தேடக்கூடாதுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க?”

“யார் எழுதின நோட்டீஸ் இது?” என்றார் முதலாளி.

“எழுதுனவரு முக்கியமில்லீங்க சார்.” பெரியநாயகத்துக்கு வாய் தவறி வந்துவிட்டது. முதலாளி சிரித்த சிரிப்பில் தொப்பி கழன்று விழுந்தது.

அந்த வருஷத் தேர்வில் ‘வாசகரின் பங்கை எடுத்துக்காட்டுடன் விளக்குக’ என்று கேள்வி. நடந்ததை அப்படியே நாலு பக்கம் எழுதினார். அறுபத்தெட்டு மார்க்!

சான்றிதழ் வாங்கச் சேலம் போனார். அடுத்த வருஷத்திலிருந்து அந்தத் தாள் கட்டாயமில்லை என்றார் படிப்பு மைய அலுவலர் ஜெயகுமாரி.

“அப்ப கோட்பாடு போச்சுங்களா?”

“போகலீங்க. எல்லாத் தாள்லயும் கொஞ்சங் கொஞ்சம் கலந்துட்டாங்க.”

பெரியநாயகம் மூன்று தடவை முட்டிய தாள், இனி வருகிறவர்களுக்கு இல்லையாம். எரிச்சலோடு, இனி இதை விடுவதில்லை என்று எம்.ஃபில். விண்ணப்பம் ஒன்று கேட்டு வாங்கினார். மனைவி அற்புதத்திடம் இதை எப்படிச் சொல்வது என்ற யோசனையில், மலையேறும் பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவு இருபதும் கடந்தது அவருக்குத் தெரியவில்லை.