ஒட்டடை இல்லாத வீடு

வீட்டைச் சுத்தமாக வைத்திருப்பதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. அதனால் என் வீட்டுக்காரர் ஒருநாள் காலையில் ஒட்டடைக் கம்பை எடுத்துக்கொண்டு கூரையைத் துழாவியபோது சுருக்கென்று கோபம் வந்தது.

“இன்னாயா தேடுற? நேத்துதான அடிச்சேன்.”

“கருப்பா நூல் நூலா தொங்குதுமே. உன் கண்ணுக்குத் தெரியலயா?”

எப்படித் தெரியும்? அது அவருடைய இடது கண்ணுக்குள்ளே இருந்தது.

ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலேறி, கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் உலைக்கு முன்னால் போய் நிற்கிறவர் அவர். அங்கே யாருக்குக் கண்ணில் என்ன வந்தாலும் காரணம் சூடுதான். எரிந்தாலும் சூடு, மங்கினாலும் சூடு. மருந்து, பாலில் நனைத்த பஞ்சைக் கண்மேல் வைத்துப் படுப்பது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவில் பாதி ஆம்பளைகள் அப்படித்தான் கிடப்பார்கள். அவரும் படுத்தார், நானும் பாலை ஆறவைத்துக் கொடுத்தேன். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்தான். சர்க்கரை காலில் புண்ணாக வரும் என்று தெரியும். கண்ணுக்கு வரும் என்று எங்களுக்கு ஒருத்தரும் சொன்னதில்லை.

இடது கண்ணில் முழுசாகத் திரை விழுந்த பிறகுதான் சென்னைக்குப் போனோம். சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் படம் எடுத்தார்கள். உள்ளே ரத்தக் குழாய்கள் கசிந்து, இடது விழித்திரை பிய்ந்து வந்துவிட்டதாம். இனி அதற்கு ஆபரேஷனும் பலன் தராது, வலது கண்ணுக்கு லேசர், அப்புறம் மாதாமாதம் ஊசி என்றார் டாக்டரம்மா.

“பார்வை திரும்பிடுமாம்மா?” என்று கேட்டேன்.

“போனது வராதும்மா. இருக்கறதைக் காப்பாத்தலாம். இந்தக் கண்ணுலயும் நூல் மாதிரி தெரிஞ்சா அன்னைக்கே கூட்டிக்கிட்டு வாங்க.”

அழுகைக்கு முன்னால் எனக்கு ஆத்திரம்தான் வந்தது, அத்தனை பால்மேலும். பக்கத்து வீட்டுக்காரி வேறு, கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று யாரிடமோ சொல்லியிருக்கிறாள். அவளிடம் நான் இன்னும் பேசுவதில்லை.

கண்ணுக்குள்ளேயே ஊசி. உலைக்கு எதிரே அசையாமல் நிற்கிற மனுஷன், மரத்துப்போக மருந்து விடும்போதே என் கையை நசுக்கிவிட்டார். ஆனால் வலது கண் தப்பியது. உலை வேலை போனாலும் என் முகம் அவருக்குத் தெரிந்தது. “கிழவி ஆயிட்டமே நீ” என்று கேலி செய்யும் அளவுக்குத் தெரிந்தது. அது போதும் என்றிருந்தேன்.

போன வாரம் காலையில் டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கம்பை எடுக்கவில்லை.

“அந்த மூலையில ஒட்டடை கீதான்னு கொஞ்சம் பாரேன்மே” என்றார்.

ஸ்டூலைப் போட்டு ஏறினேன். ஒரு நூலாவது இருக்க வேண்டும் என்று சாமியை வேண்டிக்கொண்டு, மூலையெல்லாம் கையால் தடவிப் பார்த்தேன். விரலில் தூசுகூட ஒட்டவில்லை.