பூக்கடைத் தெருவில் அக்காவின் பெயர்

அம்மனை நினைத்துத் தொடங்குகிறேன். அக்காவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் எல்லோருக்கும் என் வணக்கம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அக்காவைப் பற்றி மேடையில் பேசியவர்கள் நிறைய பேர் உண்டு. "கூட இருந்து பார்த்தது நீங்கதான் சித்தி, நீங்களே எழுதுங்க" என்று அக்காவின் மகன் சொன்னதால் பேனாவை எடுத்தேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்தது மயிலாப்பூரில், பல குடித்தனங்கள் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்த ஒரு வீட்டில். அப்பா அச்சகத்தில் வேலை செய்தார். அவர் சீக்கிரமே கண்ணை மூடிவிட, அக்கா தையல் மெஷினில் உட்கார்ந்தார். அந்தக் கால் மிதித்த மிதியில்தான் எனக்குச் சோறும் வந்தது, பிறகு கழுத்தில் தாலியும் ஏறியது. அக்காவுக்கு வாய்த்த மாமா பஸ் கண்டக்டர், தங்கமான மனிதர். கோட்டூர்புரத்தில் வாழ்ந்தார்கள். மாமா போனதும் அக்கா முடங்கிப்போவார் என்று பயந்தோம். அவரோ அடுத்தவர்களின் ரேஷன் கார்டுக்கும் முதியோர் பென்ஷனுக்கும் அலைய ஆரம்பித்தார். அந்த அலைச்சல்தான் அவரைக் கவுன்சிலராக்கியது, பிறகு சட்டமன்றத்திலும் உட்கார வைத்தது.

காலையில் அக்கா வீட்டுக் கூடம் நிறைய ஆட்கள் மனுவோடு நிற்பார்கள். டீ போடுவது என் வேலை. டீ ஆற்றியே என் கை தேய்ந்துபோச்சு என்று குறைப்பட்டால், அதுவும் மக்கள் பணிதான் என்று சொல்லிவிட்டு எனக்கே ஒரு டம்ளரை நீட்டுவார்.

அக்கா போட்ட ரோடு, வைத்த விளக்கு எல்லாவற்றையும் பற்றிக் கட்சிக்காரர்கள் புத்தகம் போட்டிருக்கிறார்கள். அதில் அரை வரியில் முடித்துவிட்ட ஒரு காரியத்தை மட்டும் நான் எழுதுகிறேன். பதவிக் காலத்தின் கடைசியில் அக்கா செய்தது அது.

எங்கள் தொகுதியில் ஒரு பழைய மார்க்கெட் இருக்கிறது. அதன் முனையில் அம்மன் கோயில். வெள்ளிக்கிழமை தவறாமல் நானும் அக்காவும் போவோம். வாசலில் ருக்கு என்ற பெண்ணிடம்தான் பூ. ஒரு கோடையில் கொஞ்ச நாள் ருக்குவைக் காணவில்லை. நீர்க்கடுப்பு முற்றிக் காய்ச்சலாகி ஆஸ்பத்திரியில் கிடந்ததாகச் சொன்னார்கள். திரும்பி வந்த அன்று முகம் வாடி இருந்தாள். என் பாட்டிலைக் கொடுத்துக் குடிக்கச் சொன்னேன். உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தாள். டாக்டர் நிறையக் குடிக்கச் சொல்லியிருப்பாரே என்று அக்கா கேட்டார்.

"டாக்டரு சொல்லிட்டாரு. குடிச்சா எங்கேம்மா போறது? ஆம்பளைங்க செவுரு பக்கம் திரும்பிக்கிறானுங்க. நாங்க இன்னா பண்ண?"

மார்க்கெட்டில் பூவும் கீரையும் விற்கும் பெண்கள் எல்லோரும் விடியற்காலையிலிருந்து வீடு திரும்பும்வரை அடக்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்கு உறைத்தது. அன்று அக்கா அர்ச்சனைகூடச் செய்யாமல் வெறுமனே கும்பிட்டுவிட்டு வந்துவிட்டார்.

தொகுதி நிதியில் பெண்களுக்கு ஒரு கழிப்பறை கட்டுவது என்று முடிவானது. பணம் தயார், இடம்தான் கிடைக்கவில்லை. கழிப்பறை அவசியம் வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள், தங்கள் கடைப் பக்கம் மட்டும் வேண்டாம் என்றார்கள். கோயிலுக்குப் பக்கத்தில் கூடாது, பழக்கடைக்கு ஈ வரும், நகைக்கடைக்கு லட்சுமி வரமாட்டாள் என்று ஆளுக்கொரு காரணம். மாதங்கள் ஓடின. இந்தப் பதவிக்காலத்துக்குள் முடியாவிட்டால் இனி நடக்காது என்று அக்காவுக்குத் தூக்கம் போய்விட்டது.

கடைசியாக வியாபாரிகள் சங்கத்தில் பேசக் கூப்பிட்டார்கள். அக்கா என்னையும் ருக்குவையும் அழைத்துக்கொண்டு போனார். மோர் கொடுத்தார்கள், இளநீர் கொடுத்தார்கள். அக்கா எதையும் மறுக்காமல் குடித்தார். ஒரு மணி நேரம் பேச்சு போனது, இடம் மட்டும் நகரவில்லை. அப்போது அக்கா எழுந்து, பாத்ரூம் போக வேண்டும், இங்கே எங்கே இருக்கிறது என்று கேட்டார். எல்லோரும் பதறிவிட்டார்கள். எங்கள் வீட்டுக்கு வாங்க, பின்னாடி தெருதான், கார்கூட வேண்டாம் என்று தலைவர் செருப்பைத் தேடினார்.

அக்கா நகரவில்லை. "ருக்குவும் வரட்டுங்களா? அவளும் காலையிலேர்ந்து உட்கார்ந்திருக்கா" என்று மட்டும் கேட்டார்.

தலைவர் செருப்பைத் தேடுவதை விட்டுவிட்டு உட்கார்ந்தார். மூலையில் இருந்த பாத்திரக்கடை பாய்தான் முதலில் சிரித்தார். "மேடம், மோரை அவ்ளோ ஆசையாக் குடிச்சப்பவே நெனச்சேன். என் கடைச் செவுத்தை ஒட்டிக் கட்டிக்குங்க. வாசப்படி மட்டும் அந்தப் பக்கம் வெச்சிடுங்க, என் பொண்டாட்டி என்னைக் கொன்னுடுவா" என்றார். பாயின் கடையை ஒட்டிக் குப்பைத் தொட்டி நின்ற மாநகராட்சி இடம் அப்படித்தான் அமைந்தது.

கட்டி முடித்து, மோட்டார் போட்டு, வழக்கம்போல முன்சுவரில் அக்காவின் பெயரை நீல எழுத்தில் பெரிதாக எழுதினார்கள். சில நாளில் ஒரு காலை பார்த்தால் பெயர் இல்லை. மேலே சுண்ணாம்பு அடித்திருந்தது. எதிராளிகள் வேலை என்று நம் கட்சிப் பையன்கள் மறியலுக்குக் கிளம்பிவிட்டார்கள். அக்கா அவர்களை நிறுத்திவிட்டு, தாமே போய்ப் பூக்கடையில் விசாரித்தார். பூக்கட்டும் பெண்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"நாங்கதாம்மா அடிச்சோம்" என்றாள் ருக்கு. "வூட்டுக்கு அடிச்சது மிச்சம் கெடந்துச்சு. உன் பேரைச் சொல்லிக் கற்பூரம் ஏத்துறோம், அந்தப் பேரு கக்கூஸ் மேல கீதே, மனசு கேக்கல."

அக்கா சிரித்த சிரிப்பில் பூக்கூடை ஓரமாகவே உட்கார்ந்துவிட்டார். பிறகு ருக்குவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "பேரு பெருமைக்கு இல்லடி. நாளைக்குத் தண்ணி வரலேன்னா யாரைத் திட்டணும்னு உனக்குத் தெரிய வேணாமா?"

ருக்குவே ஏணி பிடிக்க, பெயரை மறுபடி எழுதினார்கள். அந்த மழைக்காலத்தில் மோட்டார் கெட்டது. ருக்கு எங்கள் கூடத்தில் மனுக்காரர்களுக்கு நடுவே நின்று, பேரு எழுதத் தெரியுது, தண்ணி விடத் தெரியலையா என்று கத்தினாள். எனக்குக் கோபம் வந்தது. அக்காவோ பரீட்சையில் பாஸானவர் மாதிரி முகம் மலர்ந்து, மோட்டாருக்குச் சொல்லிவிட்டு, அவளுக்கு டீ போடச் சொன்னார். இரண்டு ஸ்பூன் சர்க்கரையோடு போட்டேன்.

அதன் பிறகு அக்காவுக்கு இதயம் பலவீனமானது. மறுபடி தேர்தலில் நிற்கவில்லை. பதினைந்து நாளைக்கு முன் ஒரு சாயங்காலம் வீட்டில் விளக்கேற்றிவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், நாற்காலியில் சாய்ந்தபடியே அமைதியாகப் போயிருந்தார். யாருக்கும் பாரமாக இருக்கவில்லை. அம்மன் அந்த வரத்தை அவருக்குக் கொடுத்தாள். எங்களுக்கு அழுகை உண்டு, மனக்குறை இல்லை.

நல்லபடி பார்த்துக்கொண்ட மருத்துவருக்கும் நர்ஸ் பெண்களுக்கும், கட்சி வேறு என்று பாராமல் முதல் ஆளாக மாலையோடு வந்த இப்போதைய சட்டமன்ற உறுப்பினருக்கும், வந்தவர்களுக்கெல்லாம் சமைக்கத் தன் கடையிலிருந்து அண்டா அண்டாவாகப் பாத்திரம் அனுப்பிய பாய்க்கும், தோள் கொடுத்த தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

ருக்குவுக்கும் மற்றப் பெண்களுக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஒரு நாள் கடையைப் போடாமல் அத்தனை பூவையும் அக்கா மேல் போட்டார்கள். மூன்றாம் நாள் வந்து, "இப்பவாவது அந்தப் பேரை எடுத்துடலாமா யக்கா? தெய்வமாயிட்டாங்க. செத்தவங்களை எப்படித் திட்டுறது?" என்று கேட்டார்கள். அக்காவின் மகன் என் முகத்தைப் பார்த்தான். எனக்கும் மனசு ஊசலாடியது, பொய் சொல்லவில்லை. சாயங்காலம் நானே மார்க்கெட்டுக்குப் போய்ப் பார்த்தேன். உள்ளே பிளீச்சிங் பவுடர் வாசனை, வாளி நிறையத் தண்ணீர். கீரை விற்கும் ஒரு பெண் கூடையை என்னிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். நான் யாரென்று அவளுக்குத் தெரியாது.

மழையில் எழுத்து மங்கியிருந்ததால் மறுநாள் பெயிண்டரை வரச் சொன்னோம். ஏணியில் நின்றபடி அவர், பெயருக்கு முன்னால் 'மறைந்த' என்று சேர்த்துவிடட்டுமா அம்மா என்று கேட்டார்.

வேண்டாம், பெயரை மட்டும் எழுதுங்கள் என்றேன்.

இப்படிக்கு,
அக்காவின் தங்கை