மரைக்காயர் வீட்டுப் பத்துத் தோட்டாக் கூடுகள்

போன ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு திருட்டு செய்தேன். பணம் இல்லை, நகை இல்லை... பத்து காலித் தோட்டாக் கூடுகள்!

எங்கள் ரைஃபிள் கிளப்பில் மாண்டலே போட்டிக்குப் போக ஒரே ஒரு இடம் மிச்சம். அதற்கு இரண்டு பேர் மோதினோம். போட்டாதாங் பேட்டையில் கணக்கு எழுதும் ரைட்டர் வேலை பார்க்கும் நான். தாமுவே பேட்டையில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் மரைக்காயர்.

இருவரிடமும் ஒரே மாதிரி ரைஃபிள். பட்டாளத்தார் கழித்துப்போட்ட கூடுகளை ஒரே மூட்டையிலிருந்துதான் பங்கிட்டோம். அப்படியும் அவர் சுட்ட ஐந்தையும் ஒரு டீக்கோப்பையால் மூடிவிடலாம். என் அட்டையோ அம்மை போட்ட முகம் மாதிரி இருக்கும். வயிறு எரியாதா?

மனுஷன் படுத்தும் பாடு அப்படி! ஒவ்வொரு கூட்டையும் வெந்நீரில் அலசுவார். அடியில் உள்ள பழைய வெடி ‘கேப்’பை நெம்பி எடுத்து, அதைச் சுற்றிப் பட்டாளத்தில் அழுத்தி வைத்த பித்தளை விளிம்பைக் கத்தியால் சீவுவார். அடியில் குத்திய வருஷம் பார்த்துப் பிரிப்பார். பிறகு பத்தர் தராசில் எடை! கனமான கூட்டில் உள்ளே இடம் குறைவாம். அதனால் அது தனி டப்பா.

நானா? கிடைத்த கூட்டை அச்சில் ஒரு நெருக்கு நெருக்கி, மருந்தைக் கொட்டி அடைப்பவன்.

சூட்சுமம் அந்தக் கூடுகளில்தான் என்று முடிவுகட்டினேன். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் பிற்பகல் அஸர் தொழப் போன நேரம்... டப்பாவிலிருந்து பத்து கூடுகள் என் கோட்டுப் பைக்குள் வந்துவிட்டன. வீட்டுக்கு வந்து, அவர் பார்த்துச் செய்தவைதானே என்று அச்சில் நெருக்காமலே மருந்து நிரப்பினேன். என் ரைஃபிளில் போட்டுப் பார்த்தேனா? திருடியதைச் சரிபார்க்க யாருக்குத் தோன்றும்!

புதன்கிழமை கிளப்பில் தேர்வுப் போட்டி. முதல் தோட்டாவிலேயே, அதை உள்ளே தள்ளி அடைக்கும் போல்ட் பாதியில் நின்றுவிட்டது. தள்ளினேன், குத்தினேன்... அசையவில்லை. அம்பயர், பர்மியரான ஊ தின், கடிகாரத்தைப் பார்த்தார்.

மரைக்காயர்தான் ஓடிவந்தார். உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டி, தோட்டாவை வெளியே எடுத்தார். அடியைத் திருப்பிப் பார்த்தார். தன் கூடுகளுக்கு அடையாளமாக அவர் அரத்தால் போடும் சின்னக் கீறல்!

"என்ன ஆச்சு?" என்றார் ஊ தின்.

"பழைய பட்டாளத்துக் கூடு. உப்பிக்கிருச்சு, சயா" என்று பர்மிய மரியாதையோடு சொன்னார் மரைக்காயர், முகம் மாறாமல்.

அப்புறம் என் காதோடு சொன்னார்: "இது என் ரைஃபிள்ல வெடிச்சு, அது அளவுக்கு விரிஞ்சது, ரைட்டரே. நான் கழுத்தை மட்டுந்தான் நெருக்கியிருக்கேன். ஒங்க ரைஃபிள்ல எப்புடி நொழையும்? ஒரு வார்த்த கேட்டிருந்தா, ஒங்க ரைஃபிளுக்குன்னே பத்து செஞ்சு தந்திருப்பேனே!"

அதற்குள் எனக்கு விட்ட நேரம் முடிந்தது. மாண்டலேக்கு அவர் போகிறார்.

குறி தப்பாமல் சுடுவதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன்... இவ்வளவு நல்ல மனுஷனாகவும் இருந்து தொலைக்கிறாரே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை!