அக்காவும் அப்பாவும் பிரித்துப்போட்ட கார்

என் அக்கா ஜெனீனுக்கு டிங்கரிங் வேலை. எங்கள் ஊரான ஹேல்ஸ் பாயிண்டில் ஏரிக்கரைச் சாலை திரும்புகிற இடத்தில் அவளுடைய பட்டறை இருக்கிறது. குளிர்காலத்தில் பனியை உருக்கச் சாலையில் கொட்டுகிற உப்பு எங்கள் ஊர் வண்டிகளின் அடிப்பாகத்தைத் தின்றுவிடும். இலையுதிர் காலத்தில் மான்கள் குறுக்கே பாய்ந்து முன்பக்கத்தை நசுக்கிவிடும். அதனால் அவளுக்கு வருஷம் முழுக்க வேலை. தகரத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடித் தடவுவாள். கண்ணுக்குத் தெரியாத பள்ளம்கூட அந்தக் கைக்குத் தெரிந்துவிடும்.

எங்கள் அப்பா டுவெய்ன் லாஃபேவ் இதற்கு நேர் எதிர். ஊர் உயர்நிலைப் பள்ளியில் முப்பத்தாறு வருஷம் பேண்டு வாத்தியாராக இருந்தார். எழுபது பிள்ளைகள் ஒரே நேரத்தில் ஊதும்போது மூன்றாவது வரிசையில் ஒரு கிளாரினெட் பிசகினால் கண்டுபிடித்துவிடுவார். ஆனால் ஒரு ஆணியை நேராக அடிக்கத் தெரியாது. வீட்டில் பல்பு மாற்றுவது அம்மாதான்.

அப்படிப்பட்டவர் 1971 வசந்தத்தில் ஒரு வருஷமே ஓடியிருந்த ஓல்ட்ஸ்மொபீல் 442 என்ற வேகக் கார் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். கரும்பச்சை நிறம், பானெட்டில் இரண்டு வெள்ளைப் பட்டைகள். எங்களுக்குத் தேவைப்பட்டது பின்னால் நிறையச் சாமான் ஏற்றக்கூடிய குடும்ப வண்டி. அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாளாம்.

“இதுல ட்யூபா ஏறுமா?”

பேண்டிலேயே பெரிய அந்தப் பித்தளைக் குழல் ஏறவில்லை. ஆனால் நாங்கள் ஏறினோம். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் அப்பா கரையோரச் சாலையில் எங்களை ஓட்டிக்கொண்டு போவார். ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் பீட்ரூட் வயல்கள். என்ஜினின் அதிர்வு பின் இருக்கை வழியாக முதுகெலும்பில் ஏறும். எனக்கு அப்போது ஐந்து வயது, ஜெனீனுக்கு ஒன்பது. நேரான சாலை வந்ததும் அப்பா கண்ணாடியில் எங்களைப் பார்த்துப் புருவத்தை உயர்த்துவார். நாங்கள் தலையாட்டினால் ஆக்ஸிலரேட்டரை மிதிப்பார். அம்மா டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு அவர் பெயரை இழுத்துச் சொல்லுவாள். எங்கள் வீட்டில் அதைவிடச் சந்தோஷமான சத்தத்தை நான் கேட்டதில்லை.

1977 நவம்பரில் ஒரு நாள் வண்டி கட்டி இழுத்து வரப்பட்டது. என்ஜின் இறுகிப்போய் சீஸ் ஆகிவிட்டது. காரணம் ஹெர்ப் க்ரோன் என்றார் அப்பா. ஹெர்ப் ஊரில் பெட்ரோல் பங்க்கோடு மெக்கானிக் கடையும் வைத்திருந்தவர். போன தடவை ஆயில் மாற்றியபோது அடியில் இருக்கும் போல்ட்டைச் சரியாக முடுக்கவில்லை, ஆயில் சொட்டுச் சொட்டாக ஒழுகித் தீர்ந்துவிட்டது என்பது அப்பாவின் பேச்சு. நேராக ஹெர்ப்பின் கடைக்குப் போய், வாடிக்கைக்காரர்கள் நான்கு பேர் முன்னால் கத்திவிட்டு வந்தார். வண்டியை ஒரு தடவை பார்க்கிறேன் என்று ஹெர்ப் கேட்டதற்கு, பார்த்தவரைக்கும் போதும் என்றாராம். வண்டி வீட்டுக் கொட்டகைக்குள் போனது.

வாத்தியார் சொல்லுக்கு எங்கள் ஊரில் மதிப்பு உண்டு. ஹெர்ப்பின் கடை மூடிப்போகவில்லை. ஆனால் சிலர் அடுத்த ஊர்க் கடைக்கு மாறினார்கள். ஹெர்ப்பிடமே வண்டி விட்டவர்கள்கூட, எடுக்கும்போது குனிந்து அடியில் பார்த்தார்கள்.

அதிலிருந்து அப்பாவுக்கு மெக்கானிக் என்றாலே கசப்பு. ஜெனீன் பள்ளியை முடித்துவிட்டு, பக்கத்து நகரமான சாகினாவில் டிங்கரிங் படிக்கப்போகிறேன் என்று சொன்ன ராத்திரிச் சாப்பாடு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

“ஊருக்குள்ள இன்னொரு ஹெர்ப் க்ரோனை உண்டாக்கவா உனக்குப் பியானோ சொல்லிக் குடுத்தேன்?” என்றார் அப்பா.

அக்கா எழுந்தாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். அடுத்த மாதம் வீட்டை விட்டும் போனாள். பத்து வருஷம் வெளியூரில் வேலை செய்துவிட்டு, இங்கேயே திரும்பி வந்து சொந்தமாகப் பட்டறை போட்டாள். ஆரம்பத்தில் அவளுக்கு வண்டிகளை அனுப்பிவைத்தவர் ஹெர்ப் க்ரோன்தான். அப்பாவுக்கு அது தெரியும். நவம்பரில் வரும் நன்றி தெரிவிக்கும் பண்டிகையன்று எல்லோரும் ஒன்றாக வான்கோழி சாப்பிடுவோம். அப்பாவும் மகளும் உருளைக்கிழங்கை எட்டிக் கொடுத்துக்கொள்வார்கள். அவ்வளவுதான் பேச்சு.

2002 ஜூனில் அப்பா ஓய்வு பெற்றார். இரண்டு வாரம் வீட்டில் இருந்து அம்மாவைப் பைத்தியமாக்கினார். மூன்றாவது வாரம் நல்ல சட்டை போட்டுக்கொண்டு அக்காவின் பட்டறைக்குப் போய், வாடிக்கைக்காரர்கள் நிற்கிற இடத்தில் நின்றார்.

“பழைய வண்டி ஒண்ணு இருக்கு. எடுத்துப்பியா?”

“உங்க வண்டியா?”

“ம்.”

ஜெனீன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே யோசித்தாளாம். “சனிக்கிழமை சனிக்கிழமை நீங்களும் வந்து கூட வேலை செய்யணும். விட்டுட்டுப் போறதா இருந்தா எடுக்க மாட்டேன்.”

முதல் சனிக்கிழமை நானும் போனேன். கொட்டகையைத் திறந்தபோது கார் நான்கு சக்கரத்திலும் காற்றில்லாமல் மண்டியிட்டிருந்தது. பின் இருக்கையில் எலிகள் குடும்பம் நடத்தியிருந்தன. தரைத் தகடு அப்பளம் மாதிரி நொறுங்கியது. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்த அக்கா, கதவு நிலையில் ஒட்டியிருந்த சின்ன ஸ்டிக்கரைப் பார்த்தாள். கடைசியாக ஆயில் மாற்றிய தேதியும் அப்போது ஓடியிருந்த மைலும் ஹெர்ப்பின் கையெழுத்தில் இருந்தன. பிறகு உள்ளே தலையை விட்டு மீட்டரைப் பார்த்தாள். அந்த ஸ்டிக்கருக்குப் பிறகு வண்டி பன்னிரண்டாயிரம் மைல் ஓடியிருந்தது. நாலு தடவையாவது ஆயில் மாற்றியிருக்க வேண்டிய தூரம். எந்த என்ஜினும் கொஞ்சம் ஆயில் குடிக்கத்தான் செய்யும். பார்த்து ஊற்ற வேண்டியது ஓட்டுகிறவன். அக்காவுக்கு அந்த நிமிஷமே எல்லாம் விளங்கிவிட்டது. கதவை மெல்லச் சாத்தினாள். ஒன்றும் சொல்லவில்லை. என்னிடம்கூடச் சொன்னது பல வருஷம் கழித்துத்தான்.

அந்தச் சனிக்கிழமைகளை நினைத்தால் இப்போதும் எனக்குப் பெயிண்ட் தின்னர் வாசம் வரும். அப்பா காலை எட்டு மணிக்கே அம்மா கட்டிக்கொடுத்த ஹாம் சாண்ட்விச்சுகளோடு வந்துவிடுவார். அரை இஞ்ச் ஸ்பானர் கேட்டால் முக்கால் இஞ்சைக் கொடுப்பார். கழற்றிய போல்ட்டுகளைத் தனித்தனிக் காபி டின்னில் போட்டு, எது எந்த இடத்தது என்று இசைக் குறிப்பு எழுதுகிற அழகான கையெழுத்தில் சீட்டு ஒட்டுவார். அதில் மட்டும் அவரை யாரும் குறை சொல்ல முடியாது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கச் சொன்னால் ஒன்று-இரண்டு-மூன்று என்று நடனத் தாளம் போட்டுத் தேய்ப்பார்.

“அப்பா, வால்ட்ஸ் போடாதீங்க. ஒரே இடத்துல பள்ளம் விழுது.”

“அப்ப அணிவகுப்பு மார்ச் போடட்டா?”

“அது பரவால்ல.”

தரைத் தகட்டை வெட்டி எடுத்துப் புதிதாக வெல்டிங் செய்யவே ஒரு குளிர்காலம் ஆனது. கதவுகள், டிக்கி, பானெட் எல்லாம் பட்டறைச் சுவர் நெடுகச் சாய்ந்து நின்றன. என்ஜினை மட்டும் அக்கா தொடவில்லை. கடைசியில் பார்ப்போம் என்று தள்ளிக்கொண்டே போனாள். அப்பாவும் அவசரப்படுத்தவில்லை.

2003 அக்டோபரில் வேறு வேலை மிச்சமில்லாமல் போயிற்று. செயின் ப்ளாக்கில் என்ஜினைத் தூக்கி ஸ்டாண்டில் மாட்டினார்கள். அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பைக் கழற்றுவதற்கு முன், ஹெர்ப் முடுக்கவில்லை என்று அப்பா சொன்ன அந்தப் போல்ட்டை அக்கா திருகிப் பார்த்தாள். அசையவில்லை. ஸ்பானரில் நீளக் குழாயைச் செருகி, உடம்பு எடை முழுவதையும் போட்ட பிறகுதான் கிறீச்சென்று விட்டுக்கொடுத்தது. உள்ளே ஒரு கரண்டி தார் மாதிரி ஏதோ இருந்தது. பேரிங்குகள் கருகி, அவை தாங்கும் க்ராங்க் தண்டோடு ஒட்டிக் கிடந்தன.

அக்கா அந்தப் போல்ட்டைத் துடைத்து மேஜையில் வைத்தாள். அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கவிழ்த்துப் போட்டிருந்த வாளியின் மேல் உட்கார்ந்தார்.

“டாஷ்போர்டுல ஆயில் சிகப்பு லைட்டு எரிஞ்சுது” என்றார். “சாகினாவுல இருந்து வரும்போது. பாதி வழியில எரிய ஆரம்பிச்சுது. ஏழு மணிக்குக் கச்சேரி. வீட்டுக்குப் போய்ப் பாத்துக்கலாம்னு ஓட்டினேன். இருபது மைல்.”

அக்கா ஸ்பானரைக் கீழே வைத்தாள்.

“அதுக்கு முன்னாலயும் ஒன்றரை வருஷமா நான் ஆயிலே பாக்கல ஜெனீன். எங்க பாக்கணும்னே எனக்குத் தெரியாது. கேக்க வெக்கமா இருந்துச்சு. இந்த வண்டி வேணாம்னு உங்கம்மா அன்னிக்கே நெனச்சா. அவகிட்டப் போய் நான்தான் கெடுத்தேன்னு எப்படிச் சொல்றது? வாயில ஹெர்ப் பேரு வந்துருச்சு. வந்தது வந்துருச்சுன்னு விட்டுட்டேன்.”

“உங்களால அவருக்குப் போனது பேரு. எனக்குப் போனது பத்து வருஷம்” என்றாள் அக்கா. கோபமாகச் சொல்லவில்லை என்றுதான் என்னிடம் சொன்னாள். அப்பா அழுததை அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவள் காபி போட்டுக் கொடுத்தாள். சாயங்காலம்வரை இருவரும் பிஸ்டன்களைச் சுத்தம் செய்தார்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அப்பா ஹெர்ப்பைப் பார்க்கப் போனார். தனியாகப் போகத் தைரியமில்லாமல் அக்காவையும் கூட்டிக்கொண்டு போனார். ஹெர்ப்புக்கு அப்போது எண்பது வயது. மகள் வீட்டில் இருந்தார். முழங்கால் போய்விட்டது. அப்பா தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, பாக்கி ஒன்றும் வைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். ஹெர்ப் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“போல்ட்டு இறுக்கமா இருந்துச்சா?” அவர் கேட்டது அக்காவிடம்.

“குழாய் போட்டுத்தான் கழட்டினேன்.”

“நான்தான் முடுக்காம விட்டுட்டேனோன்னு இருபத்தாறு வருஷமா நெனச்சுக்கிட்டு இருந்தேன், வாத்தியாரே” என்றார் ஹெர்ப். “அதுக்கப்புறம் எந்த வண்டியா இருந்தாலும் முடுக்கிட்டு, திரும்ப ஒருக்கா படுத்துப் பாப்பேன். என் பையன் சிரிப்பான். இப்ப நீங்க கிளம்புங்க.”

மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அப்பாவும் அதைக் கேட்கவில்லை. அவர்கள் காருக்குப் போகும்வரை ஹெர்ப்பின் மகள் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு மூன்று சனிக்கிழமை அப்பா பட்டறைக்கு வரவில்லை. நாலாவது வாரம் வெள்ளிக்கிழமை, சர்ச் கூடத்தில் மீன் வறுவல் விருந்து. ஊரில் பாதிப்பேர் அங்கே இருப்பார்கள். பெர்ச் மீனும் கோஸ் சாலடும் பரிமாறி முடித்த நேரத்தில் அப்பா எழுந்து நின்றார். வாழ்நாளெல்லாம் ஜனங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேண்டைப் பார்த்து நின்ற மனிதர். அன்றைக்கு முகத்தைக் காட்டி நின்றார். ஹெர்ப் க்ரோன் மேல் தான் சொன்னது பொய் என்றும், அதை ஏன் சொன்னார் என்றும் நாலைந்து வாக்கியத்தில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஒரு கிழவர் மட்டும், தான் அந்த வருஷம் கடை மாறியது தப்பாகப்போயிற்றே என்று முணுமுணுத்தார்.

அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அப்பா பயந்தது அவளுக்குத்தான். அவள் எலுமிச்சைத் துண்டை மீன் மேல் பிழிந்துகொண்டே சொன்னாள்: “நீ ஆயில் டின்னைத் தொட்டு நான் பாத்ததே இல்லையே டுவெய்ன். எனக்குத் தெரியாம இருக்குமா? நீயா சொல்லுவேன்னு இருந்தேன். ஹெர்ப் விஷயத்துல நானும் வாயைத் தொறந்திருக்கணும்.”

மறுநாள் காலை எட்டு மணிக்கு அப்பா சாண்ட்விச்சோடு பட்டறையில் இருந்தார்.

வேறொரு வண்டியிலிருந்து நல்ல க்ராங்க் கிடைத்தது. அதைக் கடைந்து பொருத்தி, அதே கரும்பச்சையை ஏழு பூச்சு அடித்து, வெள்ளைப் பட்டைகளை இழுத்து முடிக்க இன்னும் ஒன்றரை வருஷம் ஆனது. 2005 மே மாதம் ஒரு சனிக்கிழமை என்ஜினை முதல் தடவை எழுப்புவதாக இருந்தார்கள். பத்து மணிக்கு ஒரு வேன் வந்து நின்றது. ஹெர்ப்பின் மகள் அவரைக் கைத்தாங்கலாக இறக்கி மடக்கு நாற்காலியில் உட்கார வைத்தாள். யார் அவருக்குச் சொன்னார்கள் என்று அக்கா இன்றுவரை சொல்லவில்லை.

இரண்டு தடவை இருமிவிட்டு என்ஜின் பிடித்துக்கொண்டது. தகரக் கூரை அதிர்ந்தது. அப்பா ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஹெர்ப் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு விரலை ஆட்டி அக்காவைக் கூப்பிட்டார்.

“ஸ்பார்க் விழற டைமிங் ஒரு முடி முன்னால இருக்கு.”

“எனக்கும் அப்படித்தான் கேட்டுச்சு” என்று உள்ளே இருந்து சொன்னார் அப்பா.

ஹெர்ப் அவரைத் திரும்பிப் பார்த்தார். “காது நல்ல காதுதான் வாத்தியாரே” என்றார். அவர்கள் இரண்டு பேரும் அதற்குமேல் பேசிக்கொண்டதாக எனக்குத் தெரியவில்லை. ஹெர்ப் அந்த வருஷக் கடைசியில் காலமானார். அடக்கத்தின்போது ஊத அப்பா தன் பழைய மாணவர்கள் ஆறு பேரைக் கூப்பிட்டு ஒத்திகை பார்த்தார். ஹெர்ப்பின் மகள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அப்பா அதற்கப்புறம் ஏழு கோடைக்காலம் அந்த வண்டியை ஓட்டினார். அவர் போனபிறகு அது அக்காவிடம் இருக்கிறது. கண்காட்சிக்குக் கொண்டுபோகச் சொல்லிப் பலர் கேட்டுவிட்டார்கள். அவள் போவதில்லை. போன ஜூலையில் என்னையும் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு கரையோரச் சாலையில் போனாள். பீட்ரூட் வயல் இருந்த இடத்தில் இப்போது காற்றாலைகள். அம்மாவுக்கு எண்பத்திரண்டு வயது. முன் இருக்கையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, சத்தம் அதிகம் என்று குறை சொல்லிக்கொண்டே வந்தாள். ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிடட்டுமா என்று அக்கா கேட்டாள். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றாள் அம்மா.