செல்வியின் பிரெவே சான்றிதழ்

காலையில் மீன் வாங்கியதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை.

தேங்காய்த்திட்டிலிருந்து மீன் கொண்டுவரும் அஞ்சலை, இன்று மகள் செல்வியையும் கூட்டிவந்தாள். பிரெஞ்சுப் பள்ளியில், பத்தாம் வகுப்புக்குச் சமமான பிரெவே பரீட்சையில் முதலாவதாக வந்த பெண். காலேஜில் சான்றிதழைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது செல்லாது, இங்கிலீஷில் எட்டாம் வகுப்பிலிருந்து படித்துவிட்டு வா" என்றார்களாம்.

"பதினேழு வயசும்மா இவளுக்கு. அந்த பெஞ்சுல கால மடக்கவே எடமிருக்காது" என்றாள் அஞ்சலை. "பிரெஞ்சு படிச்சாதான் உத்தியோகம்னு உங்க அப்பாரு சொல்லித்தானே இவள சேத்தேன். அந்த வெள்ளக்காரன் ஊர விட்டுப் போயிடுவான்னு யாரு கண்டா?"

செல்வி மெதுவாகக் கேட்டாள்: "அக்கா, காலேஜ்ல இங்கிலீஷ் பாடம் உங்களுக்குப் புரிஞ்சுதா?"

நானும் அதே பிரெவே சான்றிதழோடு காலேஜில் சேர்ந்தவள்தான்; பொய் சொல்ல வரவில்லை. "முதல் வருஷம் ஒன்னும் புரியல. நெட்டுருப் போட்டுத்தான் பாஸானேன்."

"அப்ப உங்கள மட்டும் எப்பிடிக்கா சேத்துக்கிட்டாங்க?"

மீன் காசை எண்ணிக் கொடுத்துவிட்டு உள்ளே வந்தேன்.

என் மகளின் பள்ளி விண்ணப்பத்தில், எந்த மொழியில் படிப்பு என்ற இடத்தில் நேற்றே 'பிரெஞ்சு' என்று எழுதியிருந்தேன். இப்போது அதை அடித்து 'இங்கிலீஷ்' என்று எழுதினேன். அதையும் அடித்துவிட்டேன். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்த நீங்களெல்லாம் என்ன எழுதினீர்கள், சொல்லுங்கள். தாளில் இன்னும் ஒரு வார்த்தைக்குத்தான் இடமிருக்கிறது.